பாலத்தடித் தெருவுக்கு முன்னால் இட்ட குறி

பாலத்தடித் தெருவில் ஒன்பது வருஷம் மழை பெய்யவில்லை. அதற்குக் காரணம் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துப் பிடித்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

வெள்ளாங்கரை நகராட்சியில் கணினியைப் பார்த்துக்கொண்டு, அதற்கு வலைத்தளம் எழுதிக் கொடுத்தவன் நான். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்குப் புகார், பிறப்புச் சான்று எல்லாவற்றையும் இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சேர்மன் திரவியம் ஊர் முழுக்கத் தட்டி வைத்திருந்தார். இந்த மாதிரித் தளத்தை யாரும் செங்கல் செங்கலாகக் கட்டுவதில்லை. அதற்கென்று சட்டகம் இருக்கிறது. தூணும் உத்திரமும் போட்ட கட்டடம் மாதிரி, தயாராகக் கிடைக்கும். அறைகளைத் தனித்தனியாகச் செய்து அதில் மாட்டுவதுதான் நம் வேலை. ஒவ்வோர் அறையும் ஒரு மாட்யூல். எந்தெந்த மாட்யூல் வேண்டும் என்று ஒரு கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர் எழுதி வைக்கவேண்டும். தளத்தை ஓட்டுகிற கணினியான சர்வரை எழுப்பினால் அது முதலில் அந்தப் பட்டியலைத்தான் படிக்கும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். கூப்பிட்டது எழுந்து வந்து 'தயார்' என்று சொல்லவேண்டும். ஒன்று சொல்லாவிட்டாலும் சர்வர் அங்கேயே நின்றுவிடும். பட்டியலில் பெயர் இல்லாததைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

மற்றவர்கள் வரிக்கு ஒரு மாட்யூல், தண்ணீருக்கு ஒரு மாட்யூல் என்று பிரிப்பார்கள். நான் தெருவுக்கு ஒன்று என்று பிரித்தேன். இருபத்தேழு தெரு, இருபத்தேழு மாட்யூல். யாரும் இப்படிச் செய்ததில்லை என்று கர்வம்.

திறப்புவிழா வெள்ளிக்கிழமை. பத்தரைக்குக் கலெக்டர் வருகிறார். ஒன்பதரைக்கு சர்வர் எழவில்லை.

பார்த்தேன். தேரடித் தெரு பாலத்தடித் தெருவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றது. பாலத்தடித் தெரு தேரடித் தெருவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றது. இரண்டு தெருவுக்கும் ஒரே வாறுகால். சாக்கடை தேரடியில் ஆரம்பித்து பாலத்தடியில் போய் முடிகிறது. அது எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் எழுவேன் என்றது ஒன்று. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எழுவேன் என்றது இன்னொன்று. இரண்டும் எழவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பெயருக்கு முன்னால் ஒரு குறி போட்டால் சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு, அவ்வளவுதான் அந்தக் குறி. வரியை அழித்ததாகவும் ஆகாது, வைத்திருப்பதாகவும் ஆகாது. அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற காரியம். பக்கத்தில் நமக்கு நாமே ஒரு குறிப்பு எழுதிவிட்டு எழுந்து போவோம்.

பாலத்தடித் தெருவுக்கு முன்னால் குறியைப் போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: 'தற்காலிகம். திங்கட்கிழமை எடுக்கணும். ச.ந.' சங்கரநயினார். என் பேர்.

அறையை மாடத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். நகராட்சித் துப்புரவுப் பணியாளர். பாலத்தடித் தெருக்காரி. விளக்குமாற்றை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"என்ன சார் அது, சன்னல் கம்பி மாதிரி?"

"ஒண்ணுமில்ல. வயரை இழுத்திராமப் பெருக்கு."

சர்வர் எழுந்தது. இருபத்தாறு தெருவும் 'தயார்' என்றன. கலெக்டர் ஒரு பித்தானை அழுத்தினார். கைதட்டினார்கள். தளத்தில் பாலத்தடித் தெருவைத் தேடினால் ஒன்றும் வராது. ஆனால் அந்தத் தெருக்காரர்கள் எப்போதும்போல ஆபீசுக்கு நடந்தே வந்தார்கள். யாரும் தேடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, மூன்று மணிக்கு, ஐப்பசியின் முதல் மழை மேற்கே மலையிலிருந்து இறங்கி, பேட்டைத் தெருவை நனைத்து, வாகையடித் தெருவை நனைத்து, சன்னதித் தெருவில் செருப்புகளை மிதக்கவிட்டு, தேரடியில் நின்ற தேரின் தகரக் கூரையில் அரைமணி நேரம் கொட்டு வாசித்து, பாலத்தடித் தெருவின் முக்கு வரைக்கும் வந்து, அங்கே, பஞ்சாயத்து போர்டு காலத்து மைல்கல்லுக்கு நேராக, யாரோ கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தெருவில் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் புழுதியில் ஒரு கோழி சிறகை விரித்துக் குளித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தெருக்காரர்கள் திண்டாடினார்கள் என்று நினைக்கவேண்டாம். முதல் நாள் சிரித்தார்கள். ஒரு காலை மழையிலும் ஒரு காலை வெயிலிலும் வைத்துக்கொண்டு நின்றார்கள். தபால்காரர் முக்கில் குடையை மடக்கினார், தெருவைக் கடந்தார், மறுமுக்கில் குடையை விரித்தார். இரண்டாம் மழையும் அப்படியே நின்றபோது சிரிப்பு குறைந்தது. மூன்றாம் மழைக்குக் கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைத்தார்கள். மழை ஊர்வலத்தோடு மைல்கல்வரை வந்து கழுதைகளை நன்றாக நனைத்துவிட்டு நின்றுகொண்டது. வட்டாரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து தெருவின் நடுவில் மழைமானியை நட்டார். ஊரெல்லாம் ஏழு சென்டிமீட்டர் பெய்த அன்றைக்கு அதில் ஒரு சிலந்தி கூடு கட்டியிருந்தது. அவர் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை வந்தது. அடுத்த திங்கட்கிழமையும். அந்தக் குறிக்கும் இந்த மழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு அதை எடுக்காமல் இருக்க ஆயிரம் சாக்கு கிடைத்தது. சொன்னால் சிரிப்பார்கள். எடுத்தால் சர்வர் விழும். வேலையை ஒப்படைத்தாகிவிட்டது, இனி நம் பொறுப்பு இல்லை. கடைசிச் சாக்குதான் பெரியது. ஊருக்கே அந்தத் தெரு தேவைப்பட ஆரம்பித்துவிட்டது.

ஆமாம். எதையும் விழுங்க ஊர் எடுத்துக்கொள்ளும் நேரம் ரொம்பக் குறைவு. முதல் வருஷம் அப்பளக்காரர்கள் வந்தார்கள், அடைமழைக் காலத்தில் காயப்போட இடமில்லாமல் தவித்தவர்கள், பாலத்தடித் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாய் விரித்து வட்டவட்டமாக அப்பளம் போட்டார்கள், அவர்களைப் பார்த்து வத்தல்காரர்கள் வந்தார்கள், வத்தல்காரர்களைப் பார்த்துத் தீப்பெட்டிக் குச்சிக்காரர்கள் வந்தார்கள், அச்சகத்துக்காரர் ஈரம் காயாத காலண்டர்களைக் கொடிகட்டித் தொங்கவிட்டார், சலவைக்காரர்கள் வந்தார்கள், பிறகு ஐப்பசி கார்த்திகையில் முகூர்த்தம் வைக்கப் பயந்திருந்தவர்கள் எல்லாம் பந்தலே இல்லாமல் அந்தத் தெருவில் நாற்காலி போட்டுக் கல்யாணம் நடத்தினார்கள், சுற்றிலும் நாலு பக்கமும் மழைத்திரை இறங்கி நிற்க நடுவில் உலர்ந்த தரையில் தாலி கட்டுவது விசேஷம் என்று வெளியூர்க்காரர்களும் எழுதிக்கேட்டார்கள், நகராட்சி பதிவேடு ஒன்று போட்டது, நாலாம் வருஷம் ஊரில் ஒருவர்கூட அந்தத் தெருவைப் பாலத்தடித் தெரு என்று சொல்லவில்லை, காய்ச்சல் தெரு என்றார்கள், காயப்போடுகிற தெரு என்று அர்த்தம், அங்கே நாற்பத்தொரு வீட்டில் ஆட்கள் குடியிருப்பது பாய் விரிக்கும்போது மட்டும், 'கொஞ்சம் உள்ள போங்க' என்று சொல்லும்போது மட்டும், ஞாபகம் வந்தது.

அந்த நாற்பத்தொரு வீட்டுக் கிணறுகளும் ஒவ்வொன்றாக வற்றின. கடைசியாக மாடத்தி வீட்டுக் கிணறு. முருங்கை நின்றபடியே விறகானது. லாரித் தண்ணீர் வாரம் இரண்டு நாள். மழை பெய்கிற நாளில் அந்தத் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முக்குக்கு வருவார்கள். உலர்ந்த பக்கம் தாங்கள் நின்றுகொண்டு, கையை நீட்டி, ஈரப் பக்கம் குடத்தை வைப்பார்கள். நிறைந்ததும் இழுத்துக்கொள்வார்கள்.

தேரடித் தெருப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. என் வீட்டு மாடி சன்னலுக்கு நேர் கீழேதான் சண்டை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"எங்க தெரு மழையைப் பிடிச்சிட்டுப் போறதுக்கு உங்களுக்கு யாருட்டி உரிமை குடுத்தா?"

"மேல பாத்துக் கேளு," என்றாள் மாடத்தி. "அவன் என்ன, தெருப் பேரு எழுதியா அனுப்புதான்?"

நான் சன்னலைச் சாத்தினேன்.

சேர்மன் வந்து பஞ்சாயத்து பேசினார். வீட்டுக்கு நாலு குடம், அதற்கு மேல் வைக்கக்கூடாது என்று முக்கில் போர்டு எழுதிவைத்தார்கள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்படித்தான் ஊர்.

மாடத்தியின் மகள் பூமாரி தலைப்பிரசவத்துக்கு வரவில்லை. தண்ணியில்லாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதுக்கும் வரவில்லை. இதை ஆபீஸ் வராந்தாவில் யாரிடமோ அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றேன். அவள் என்னைப் பார்த்து, "சௌக்கியமா சார்?" என்றாள். சௌக்கியம் என்றேன்.

ஒன்பதாம் வருஷம் நகராட்சியில் தீர்மானம் வந்தது. பாலத்தடித் தெருவை நிரந்தர உலர்களமாக அறிவிப்பது. நாற்பத்தொரு குடும்பத்தையும் ஊருக்கு வெளியே கல்லுக்குழிக்கு அந்தப் பக்கம் குடியேற்றுவது. புதன்கிழமை பதினோரு மணிக்கு நகர்மன்றக் கூட்டம். தீர்மானம் நிறைவேறினால் கார்த்திகை முதல் தேதி வீட்டுச் சாமான் ஏற்ற லாரி வரும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெசிந்தா என் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பிறகு நகராட்சியில் கணினியைப் பார்த்துக்கொள்பவள். நாற்பது வயசு. குடையை வாசலில் சாய்த்தாள், உட்காரவில்லை.

"பாலத்தடித் தெருவை சிஸ்டத்திலேருந்து எடுத்துரச் சொல்லி ஆர்டர், சார். எடுக்கப் போனேன். பட்டியல்ல பாத்தேன்."

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"முன்னால ஒரு குறி இருக்கு. பக்கத்துல குறிப்பு இருக்கு. திங்கட்கிழமை எடுக்கணும்னு. உங்க கையெழுத்து. அந்தக் கோப்போட தேதி பாத்தேன். மழை நின்ன தேதிக்கு முந்தின நாள்."

"சரி."

"என்ன சரி? ஒம்போது வருஷத்துல எத்தனை திங்கட்கிழமை சார்?"

"நீயே எடுத்துரு. வாறுகாலைத் தனி மாட்யூலாப் பிரிச்சு, ரெண்டு தெருவுக்கும் மேல போட்டேன்னா முட்டிக்காது. அரை மணி நேர வேலை."

"எனக்கும் தெரியும்," என்றாள். "நான் எடுக்க மாட்டேன். வெச்சவங்கதான் எடுக்கணும். மாடத்தி அக்காகிட்டச் சொல்லிட்டு எடுங்க."

போய்விட்டாள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் வாசலில் குட்டையாக நின்றது.

புதன்கிழமை பத்தேமுக்காலுக்கு சர்வர் அறைக்குப் போனேன். வெளியே நல்ல மழை. மாடத்தி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெருக்கின அதே மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. ஜெசிந்தா கதவருகில் நின்றாள். நான் சுற்றிவளைக்கவில்லை. எனக்கு அது வராது. பட்டியலைத் திறந்து காட்டினேன். இதுதான் உங்கள் தெரு. இதுதான் நான் போட்ட குறி. இதனால்தான் மழை இல்லை.

அவள் ஆச்சரியப்படவில்லை. கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள்.

"சன்னல் கம்பி," என்றாள். "நான் அன்னிக்கே கேட்டேன்."

"கேட்டே."

"ஒண்ணுமில்லன்னீங்க. அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

ஜெசிந்தா வாசித்துச் சொன்னாள்.

மாடத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

மாடியில் கவுன்சிலர்கள் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க தெருவுல என்ன கோளாறு?"

"உங்க தெருவுல கோளாறு இல்ல. தேரடித் தெருவும் உங்க தெருவும் ஒண்ணையொண்ணு பிடிச்சு இழுத்துட்டு நின்னுச்சு. ரெண்டுல ஒண்ணை எடுத்தா சரியாப்போகும்."

"எதை எடுத்தாலும்?"

"எதை எடுத்தாலும்."

"பெறகு ஏன் எங்களது?"

ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். மழைக்கு இல்லை, சர்வருக்கு இல்லை. தேரடித் தெருவில் சேர்மன் வீடு இருக்கிறது, கலெக்டர் முன்னால் அவர் வீட்டு வரியைத்தான் காட்டுவதாக ஏற்பாடு என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

"உங்க தெருக்காரங்க சத்தம் போடமாட்டாங்கன்னு நினைச்சேன்," என்றேன்.

அவள் தலையசைத்தாள். "சார் வீடு எந்தத் தெரு?"

அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

"தேரடி," என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்குமாற்றை எடுத்தாள், விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள், குப்பையைக் கதவுவரை தள்ளிக்கொண்டு போனாள், அப்புறம் திரும்பினாள்.

"இப்ப எடுத்தா தெருவுல கெடக்கதெல்லாம் நனைஞ்சிருமே. இன்னிக்கு ஒரு கல்யாணமும் இருக்கு. பந்தி ஆரம்பிச்சிருப்பாங்க."

"நனையும். பந்தி முடியட்டுமா?"

யோசித்தாள். "வேண்டாம். ஒம்போது வருஷமா எங்க வாசல்லயே உக்காந்து தின்னுதாவ. ஒருநாளாவது எங்களுக்கு ஒரு எலை போட்டதில்ல. எடுங்க."

உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டினேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியதை நானே படிக்க ஐந்து நிமிஷம் போயிற்று. எவனோ எழுதிய மாதிரி இருந்தது. வாறுகாலைத் தேரடித் தெருவிலிருந்து பிடுங்கினேன். பாலத்தடித் தெருவிலிருந்து பிடுங்கினேன். தனியாக ஒரு மாட்யூல் செய்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று இரண்டையும் அதிலேயே எழுதினேன். ஜெசிந்தா மாடிக்கும் கீழுக்கும் நடந்தாள்.

"பதினாலு தீர்மானம் சார். நம்மளது பதினொண்ணு. அஞ்சு முடிஞ்சுது."

ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தேன். திருத்தினேன்.

"எட்டு முடிஞ்சுது."

"தொணதொணக்காதே."

"ஒம்போது."

பட்டியலுக்கு வந்தேன். வாறுகாலை எல்லாத் தெருவுக்கும் மேலே முதல் வரியில் எழுதினேன். கீழே இறங்கினேன். குறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரே ஓர் எழுத்து. அழிப்பதற்கு ஒரு விரல் போதும். மாடத்தி என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடுவது கேட்டது. அழித்தேன். பக்கத்திலிருந்த குறிப்பையும் அழிக்கப் போனேன்.

"அது கெடக்கட்டும்," என்றாள்.

விட்டுவிட்டேன். சர்வரை எழுப்பினேன். அது பட்டியலை எடுத்து வாசிக்கத் தொடங்கியது, வாறுகால், தயார், பேட்டைத் தெரு, தயார், வாகையடித் தெரு, தயார், சன்னதித் தெரு, தயார், பள்ளிவாசல் தெரு, தயார், செக்கடித் தெரு, தயார், சவேரியார் கோயில் தெரு, தயார், தேரடித் தெரு, தயார், அடுத்த வரி வர ஒரு நொடி பிடித்தது, அந்த ஒரு நொடியில் என் அறுபத்தெட்டு வயசையும் எண்ணி முடித்துவிட்டேன். பாலத்தடித் தெரு, தயார்.

மழை முக்கைத் தாண்டியது. தெரு நேராகத் தெரிகிற சன்னல்வழியாகப் பார்த்தோம். அவசரமே இல்லை அதற்கு. மைல்கல்லைத் தொட்டது, முதல் பாயில் ஏறியது, அப்பளம் ஒவ்வொன்றாகக் குழைந்தது, கொடியில் தொங்கிய அடுத்த வருஷத்துக் காலண்டர்களில் எல்லா மாதமும் சாயம் ஒழுகின, குச்சிக்காரர்கள் கத்தினார்கள், பந்தியில் ரசத்துக்குக் குழி பறித்தவன் குழியில் மழை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், மணப்பெண் மாலையோடு ஓடினாள், நாற்பத்தொரு வீட்டுக் கதவும் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் ஆடவில்லை, பாடவில்லை. வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். யாரோ ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போல முக்குக்கு ஓடப்போனவள், நாலு எட்டு வைத்து, நின்று, அங்கேயே கீழே வைத்தாள்.

மாடியில் பதினோராம் தீர்மானத்தைப் பாதி வாசித்தவர் நிறுத்திவிட்டார். சேர்மன் திரவியம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாடிக்குப் போயிருந்த ஜெசிந்தாவோடு இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணீரு? ஜெசிந்தா இப்பதான் சொல்லுதா."

"என் தப்பு. சரிபண்ணிட்டேன்."

"அப்பளக்காரன் எல்லாம் என் வாசல்ல வந்து நிப்பான். திரும்ப அந்தக் குறியைப் போட முடியாதா?"

"முடியாது."

"முடியும் சார்," என்றாள் ஜெசிந்தா. "போட மாட்டோம்."

ஊர் இரண்டு நாள் என்னைத் திட்டியது. மூன்றாம் நாள் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. பதினோராம் தீர்மானத்தைப் பிறகு யாரும் எடுக்கவில்லை. உலர்ந்த தெருவை விழுங்கிய மாதிரியே நனைந்த தெருவையும் விழுங்கிவிட்டது. அப்பளக்காரர்கள் கூரை போட்டுக்கொண்டார்கள். முக்கிலிருந்த நாலு குடம் போர்டை யாரும் கழற்றவில்லை. அதற்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

எனக்கு அது போதவில்லை. அன்றைக்கே சர்வர் அறையை விட்டுக் கிளம்பும் முன் ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் இன்னொன்று செய்தேன். என் வீட்டை மட்டும் தேரடித் தெருவிலிருந்து பிரித்துத் தனி மாட்யூலாக்கி, பட்டியலின் கடைசி வரியில் எழுதி, அதற்கு முன்னால் குறியைப் போட்டு, சர்வரை மறுபடி எழுப்பினேன். தற்காலிகம் என்று எழுதவில்லை. கிழமையும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுமேல் மழை பெய்யவில்லை. மொட்டைமாடி காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் இந்தப் பக்கம் வரை நனைந்து நின்றது. தெருவில் பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தவீட்டு அம்மாள் மட்டும், மாடியில் கொஞ்சம் வடகம் காயப்போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடத்தி வந்தாள். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே மழையில் நின்றாள். உள்ளே காய்ந்த முற்றத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மேலே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"போட்டேன்."

"எதுக்கு?"

"நான் செஞ்சதுக்கு."

"ஓ." சாக்கை உதறினாள். "நீரு காஞ்சு கெடந்தா என் கெணறு ஊறுமா? பூமாரி வந்து ரெண்டு பிள்ளையவும் என் வீட்டுல பெத்துட்டுப் போவாளா?"

இத்தனை வருஷம் சார் என்று சொன்னவள் இன்று நீரு என்றாள். நான் எழுந்து நின்றேன்.

"உம்ம வீட்டுல பெய்யாத மழை எங்க போவுது தெரியுமா? பக்கத்து வீட்டுல விழுந்து வாறுகாலுக்கு வருது. வாறுகால் எங்க வருது? எங்க தெருவுக்கு. உம்ம தண்டனையையும் நாங்கதான் அள்ளணுமா?"

நான் போய்க் கேட்டைத் திறந்தேன்.

"மழை பெய்யாத தெருவுல எவன் ஓடு மாத்துவான்? ஒம்போது வருஷமா கூரையை ஒருத்தன் தொடல. நாலு நாளா சட்டி பானை எல்லாம் ஒழுக்குக்கு வெச்சாச்சு. சோறு பொங்கச் சட்டி இல்ல. எடும் அதை. எடுத்துட்டு வாரும்."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. ஓடு மாத்தணும்."

"எனக்கு ஓடு மாத்தத் தெரியாது."

"அரை மணி நேரத்துல படிச்சிக்கிடலாம்," என்றாள்.

வீட்டுக் கணினியைத் திறந்து, அதன்வழியே ஆபீஸ் சர்வருக்குள் போய், கடைசி வரியிலிருந்து குறியை எடுத்தேன். சர்வரை எழுப்பிவிட்டு வெளியே வந்தபோது முற்றத்தில் நாற்காலி நனைந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டு அம்மாள் மாடியில் வடகத்துக்காக ஓடினாள்.

மழை தூறலாகக் குறைந்தபிறகு ஏணி வைத்து ஏறினேன். முட்டி வலித்தது. நாட்டு ஓடு, பாசி இல்லை, புழுதி மட்டும் ஒன்பது வருஷத்துக்குச் சேர்ந்து சேறாகியிருந்தது. மாடத்தி வீட்டுக்குள் நின்று ஒழுகும் இடத்தை விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து தட்டிக் காட்டினாள்.

"இங்கன ஒண்ணு."

நகர்ந்தேன். உடைந்ததை எடுத்துவிட்டு நல்லதைச் சொருகினேன்.

"இங்கன ஒண்ணு."

நகர்ந்தேன்.

"இது ஒழுங்கா வைக்கல. வெளிச்சம் தெரியுது. திரும்ப வையும்."

திரும்ப வைத்தேன். சாயங்காலம்வரை ஆயிற்று. பாதிக் கூரைகூட முடியவில்லை. மேலிருந்து பார்த்தால் வரிசையாக நாற்பது கூரை, எல்லாவற்றிலும் ஓட்டை, எல்லாவற்றிலிருந்தும் கீழே பாத்திரத்தில் சொட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் நின்று, "அண்ணாச்சி, எங்களுது எப்ப?" என்று கேட்டான். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

மாடத்தி வெளியே வந்து ஏணியைப் பிடித்தாள். கால் வைத்து இறங்கினேன்.

"மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்," என்றேன்.

"நாளைக்கு என்ன கெழமை தெரியுமா?"

தெரியும். இருந்தாலும் அவள் சொல்லட்டும் என்று நின்றேன்.

"திங்க," என்றாள்.

ஏணியை விடவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிக் கூரைமேல் ஏறினேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.